பொன்னுருக்கு முடியும் வரைக்கும்

பயற்றம் பணியாரத்தை நான் ஏன் தொடுவதில்லை என்று நீங்கள் பல தரம் கேட்டிருக்கிறீர்கள். பல்லுக்குக் கூடாது என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அது பொய். அந்தப் பணியாரத்தை ஓலைப்பெட்டியில் நிறைத்துக்கொண்டு எங்கள் அரியாலை வீட்டுக்குப் படையெடுத்த சனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஓங்காளம் வருகிறது. இப்போது நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

உங்கள் அம்மாவோடு கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் பெரியமாமா. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், நல்லூரில் வீடு. அம்மாவுக்கு அடுத்தவர் சின்னம்மா. கடைசி ஆசையம்மா, அவர் எங்களோடுதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் பெரியமாமாதான் எல்லாவற்றுக்கும் தலை. நான் எட்டாம் வகுப்போடு சாந்தகப்பையைப் பிடித்த மேசன். தொண்ணூறுக்குப் பிறகு சண்டைக் காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் சீமெந்து வரவில்லை. அதனால் சுவர் கட்டுகிற வேலை நின்றுபோய், பொம்மர் விமானக் குண்டுக்கு ஒளிக்க வீடு வீடாகப் பங்கர் வெட்டுகிற வேலை எனக்கு வந்தது. நீங்கள் இருவரும் அப்போது மிகச் சின்னப் பிள்ளைகள்.

சின்னம்மா இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு எங்களோடு இருந்தார். சித்தப்பாவுக்குக் கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிற வேலை. சண்டையால் தரைவழி மூடியிருந்தது, கிளாலிக் கடலைப் படகில் தாண்டித்தான் வரவேண்டும், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். கடைசியாகப் போகும்போது என் கையைப் பிடித்து, "அண்ணை, நீங்கள்தான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முதல் பிள்ளை பிறந்து பத்தொன்பதாம் நாள் கை கால் நீலம் பாய்ந்து இறந்தது. இதயத்தில் பிழை என்று அப்போதே சொன்னார்கள்.

ஏழு மாதம் முடிந்தபோது சின்னம்மாவைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கரியரில் சாக்கை நான்காக மடித்துக் கட்டி, றோட்டுப் பள்ளங்களுக்கு இறங்கி உருட்டி, ஒரு மணித்தியாலம் எடுத்தது. பார்த்தவர் ஒரு பெண் டொக்டர். வயதில் சின்னவர். மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். குழலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். தன்னுடைய மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் இன்னொரு டொக்டரைக் கூட்டிவந்தார். அவரும் கேட்டார். அதற்குப் பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"குழந்தையின்ரை இதயம் இருக்கவேண்டிய வேகத்திலை அரைவாசிதான் அடிக்குது," என்றார் பெண் டொக்டர். "முந்தின பிள்ளைக்கும் இதயத்திலைதான் பிழை எண்டு சொல்லுறியள். உள்ளுக்கை என்னெண்டு பாக்கிறதுக்கு எங்களிட்டை மெசின் இல்லை. கொழும்புக்குத்தான் போகவேணும். பிறக்கிறதும் அங்கை பிறந்தால் நல்லது."

"அப்ப பிள்ளை தப்புமோ டொக்டர்?" என்று சின்னம்மா கேட்டார்.

"இஞ்சை பிறந்தால் ஒட்சிசன் குடுப்பம், அவ்வளவுதான் எங்களாலை ஏலும். அங்கை எண்டால் ஒரு வழி இருக்கு. தப்பும் எண்டு நான் சொல்லமாட்டன். வழி இருக்கு எண்டு மட்டும் சொல்லுறன்."

ஒரு கடிதம் எழுதித் தந்தார். இங்கிலீசில் ஒரு பக்கம். நோயாளரைக் கொண்டுபோகிற கப்பல் ஒன்று அந்தக் காலத்தில் பருத்தித்துறைக்கு வரும். அடுத்தது இரண்டு கிழமையில் வருவதாகச் சொன்னார்கள். கடிதத்தில் எங்கள் பகுதிக் கிராம அதிகாரியான விதானையாரின் ஒப்பத்தை வாங்கி ஆஸ்பத்திரிக் கந்தோரில் கொடுத்தால் பட்டியலில் பெயர் சேர்ப்பார்கள். "கிளாலிப் படகிலை மட்டும் ஏத்திப்போடாதையுங்கோ. அந்தக் குலுக்கலுக்கு இந்த உடம்பு தாங்காது," என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார்.

வருகிற வழியில் சின்னம்மா கரியரில் இருந்துகொண்டு கேட்டார்.

"அத்தான், ஒரு வழி இருக்கெண்டுதானே சொன்னவ?"

"ஓம் பிள்ளை."

"அது காணும்."

இனித்தான் என் பிழை தொடங்குகிறது. இங்கிலீசில் ஒரு கடுதாசி வந்தால் அதைப் பெரியமாமாவிடம் காட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் ஒரு அடி வைப்பதில்லை. மின்சாரம் இருந்த காலத்தில் அதன் பட்டியலைக்கூட அவர்தான் வாசித்துச் சொன்னார். டொக்டர் எல்லாவற்றையும் தமிழில் விளங்கப்படுத்தித்தான் தந்தார். வாசிப்பிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் சின்னம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, விதானையார் வீட்டுப் படலையைத் தாண்டி, நல்லூருக்கு மிதித்தேன். விதானையார் முற்றத்தில்தான் நின்றார். கையைக்கூடக் காட்டினார்.

பெரியமாமா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உதை ஆருக்கும் காட்டினதோ?"

"இல்லை மச்சான். நேரை இஞ்சைதான் வாறன். விதானையாரிட்டை ஒப்பம் வாங்கவேணும்."

"விதானையார் ஆரெண்டு தெரியுமோ உமக்கு? மாப்பிள்ளையின்ரை தேப்பனுக்கு ஒண்டைவிட்ட தம்பி. உது அவன்ரை கையுக்குப் போனால் பின்னேரத்துக்கிடையிலை கோண்டாவில் முழுக்கக் கதைக்கும்."

அப்போதுதான் எனக்கு ஆசையம்மாவின் சம்பந்தம் நினைவுக்கு வந்தது. முப்பத்துமூன்று வயது. மூன்று சம்பந்தம் வந்து குழம்பியிருந்தது. இப்போது கோண்டாவிலில் ஒன்று பொருந்தி, பொன்னுருக்குக்கு நாளும் வைத்தாகிவிட்டது. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்குவார்கள். பொன்னை உருக்கினால் அந்தக் கலியாணத்தைக் குழப்ப யாருக்கும் துணிவு வராது. அந்த நாளுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

"முந்தினதும் இதய வருத்தத்திலை போனது. இதுவும் அப்பிடித்தான் எண்டு தெரிஞ்சால் எங்கடை ரத்தத்திலை பழுது எண்டு கதைக்கமாட்டாங்களோ? பொன்னுருக்கு முடியட்டும். அண்டைக்குப் பின்னேரமே நான் உம்மோடை வந்து ஒப்பம் வாங்கித் தாறன்."

"அதுக்குள்ளை கப்பல் வந்தால்?"

"கப்பல் என்ன பஸ்ஸோ நேரத்துக்கு வர? எந்த முறை சொன்ன நாளிலை வந்தது? எப்பவும் பிந்தித்தான் வாறது."

அது உண்மை. கப்பல் எப்போதும் பிந்தித்தான் வந்தது. நான் பிடித்துக்கொண்டது அந்த உண்மையைத்தான். ஆனாலும் ஒரு தரம் வாயைத் திறந்தேன். "இல்லை மச்சான், டொக்டர் சொன்னவ..."

"நீர் மேசன். சுவர் நேரோ எண்டு தூக்குக்குண்டு பிடிச்சுப் பாரும். சம்பந்தம் பேசுறது எங்களுக்குத் தெரியும்." பிறகு குரலைக் குறைத்து, "இன்னொண்டு. பொன்னுருக்குக்கு முந்திப் பிறக்காமல் பாத்துக்கொள்ளச் சொல்லும். துடக்குத் தீட்டு வந்தால் எல்லாம் தள்ளிப்போகும்," என்றார்.

படலையைப் பூட்டி வைக்கச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். ஆனால் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கி, நான்காக மடித்து, என் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு எழும்பியவன் நான்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவர் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதார். ஆசையம்மாவின் மூன்றாவது சம்பந்தம் குழம்பியது பொன்னுருக்குக்கு முதல், பந்தல் போட்ட பிறகு. அந்தப் பந்தலைக் கழற்றியவனும் நான்தான். ஆசையம்மா அன்றைக்குப் பந்தல் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுற்றித் தந்தார். அதை நினைத்துத்தான் அம்மா, "அண்ணை சொன்னபடி செய்வம். கப்பல் எப்பிடியும் பிந்தும்," என்றார்.

அறைக்குள் இருந்து சின்னம்மாவின் குரல் வந்தது.

"கடிதம் குடுத்தாச்சே அத்தான்?"

"குடுத்தாச்சு பிள்ளை."

இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வாயிலிருந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் பணியாரப் பெட்டிகள் வரத் தொடங்கின. கலியாண வீட்டை விசாரிக்கிறோம் என்று வருவார்கள். கண் மட்டும் சின்னம்மாவின் வயிற்றில் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போனதை யாரோ ஒழுங்கையில் கண்டிருக்கிறார்கள், அதை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்த சனம் இது. மண்ணெண்ணெய் இல்லாத, சீனி இல்லாத காலத்தில், காறல் எண்ணெயில் பொரித்த பணியாரத்தை ஒரு சாட்டுக்காகச் சுமந்துகொண்டு வருவார்கள். அந்த எண்ணெய் மணம் வீடு முழுக்க நிற்கும்.

தூரத்து உறவில் ஒரு மாமி. வந்ததும் கதிரையில் இருக்காமல் நேரே பின்னறைக்குப் போனார்.

"என்ன பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போனியாம்?"

"சும்மா பாக்கப் போனது மாமி."

"சும்மா ஆர் போவினம்? முந்தினது நீலம் பாய்ஞ்செல்லே போனது. நீ கிரகணத்தண்டு வெளியிலை நிண்டிருப்பாய்."

ஆசையம்மா தேத்தண்ணியோடு வந்தவர் அப்படியே நின்றார். "கிரகணம் பாக்க எங்களுக்கு எங்கை மாமி நேரம்? பொம்மரைப் பாத்துப் பங்கருக்கை ஓடவே நேரம் காணாது."

"வாயைப் பார். கலியாணப் பெட்டை இப்பிடிக் கதைச்சால் மாப்பிள்ளை வீட்டிலை என்ன நினைப்பினம்?"

"மாமி சொல்லாட்டி அவைக்கு என்னெண்டு தெரியும்?"

மாமி தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனார். நாங்கள் சிரித்தோம். சின்னம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அடுத்த நாள் இன்னொரு பெட்டி வந்தது. ஒருத்தி, "வயிறு இறங்கீட்டுது, இது நிக்காது" என்று சினை மாட்டைப் பார்க்கிற தரகன் மாதிரிச் சொன்னாள். இன்னொருத்தி சாதகக் குறிப்பைக் கேட்டாள். வேறொருத்தி, சித்தப்பாவின் பக்கத்தில் பைத்தியம் யாராவது இருந்ததா என்று கேட்டாள். இதயத்துக்கும் பைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருவராவது, "உனக்கு என்ன வேணும் பிள்ளை, சாப்பிடுறியோ" என்று கேட்கவில்லை. அவர்கள் வந்த நேரமெல்லாம் நான் பின்வளவில் மண்வெட்டியோடு நின்றேன். துரத்தியிருக்கலாம். துரத்தவில்லை.

பெரியமாமாவிடமிருந்து ஒரு உத்தரவு வந்தது. கோண்டாவில் ஆட்கள் யாராவது வந்தால் சின்னம்மா முன்னுக்கு வரக்கூடாது. ஒரு தரம் மாப்பிள்ளையின் தமக்கை வந்தபோது, சின்னம்மா குசினிக்குப் பின்னால் பலகைக்கட்டையில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். கால் வீங்கியிருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ரை வயித்தைக் கண்டால் கலியாணம் குழம்புமோ அத்தான்?" என்று கேட்டார். ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல், உண்மையாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார். நான், "இல்லை பிள்ளை, ஆக்கள் கூட எண்டால் உனக்குக் களைப்பு" என்றேன். அதுவும் பொய்.

ஒவ்வொரு பின்னேரமும் நான் வேலையால் வந்து கால் கழுவும்போது அவர் கேட்பார். பட்டியலில் பெயர் விழுந்துவிட்டதோ? கப்பல் பற்றி ஏதும் அறிந்ததோ? நான் சொல்லுவேன்: ஓம், பெயர் இருக்கு. இன்னும் கப்பல் வரேல்லை. ஒரு பையில் இரண்டு சீலை, அவித்துத் தோய்த்த பழைய வேட்டித் துண்டுகள், ஒரு சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். கடிதம் என் பொக்கற்றில் வேர்வையில் நனைந்து, காய்ந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியது. வேலைச் சேட்டை மாற்றும்போதெல்லாம் அதை எடுத்து மற்றச் சேட்டில் வைத்தேன். ஒரு நாளாவது அதை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்தேன் என்றால் அதையாவது சொல்லலாம். மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கையால் எடுத்து வைத்தேன்.

பொன்னுருக்கு நாள் வந்தது. கோண்டாவில் வீட்டில் நிறைகுடம், குத்துவிளக்கு, சிரட்டைக்கரி போட்ட சட்டி. தட்டார் ஊதுகுழலால் ஊதி ஊதிப் பொன்னை உருக்கினார். பெரியமாமா பட்டு வேட்டியோடு முன்னுக்கு இருந்தார். பொன் உருகி உருண்டையாக வந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெரியமாமா என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டினார். எல்லாம் சரி என்கிற மாதிரி. எனக்கும் அந்த நேரம் ஒரு ஆறுதல் வந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். இன்றைக்குப் பின்னேரம் ஒப்பம், நாளைக்குப் பட்டியல் என்று நினைத்தேன்.

பந்தியில் இருந்தோம். எனக்கு அடுத்த இலையில் மாப்பிள்ளையின் உறவுப் பொடியன் ஒருவர், பருத்தித்துறைப் பக்கம் உழவு மெசின் ஓடுகிறவர். சோற்றைக் குழைத்தபடி சொன்னார்.

"புதினம் கேட்டியளே அண்ணை? வருத்தக்காரற்றை கப்பல் இந்த முறை சொன்ன நாளிலையே வந்தது. நேற்று வந்து இண்டைக்கு விடியவே போட்டுது. ஏத்தின ஆக்களை நானே கண்டனான்."

கையில் சோறு இருந்தது. அதை இலையில் உதறினேன். எதிர்ப் பந்தியில் விதானையார் பாயாசத்துக்குப் பொறுத்திருந்தார். நான் எழும்பினேன். பந்தி நடுவில் எழும்பக்கூடாது என்று யாரோ சொன்னது கேட்டது. கையைக் கழுவாமல் இடது கையால் கடிதத்தை எடுத்து விதானையாரின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"ஐயா, இதிலை ஒப்பம் வைச்சுத் தாங்கோ."

அவர் வாசித்தார். இங்கிலீசு தெரிந்தவர். வாசித்துவிட்டுத் திகதியைப் பார்த்தார்.

"இது பதினாறு நாளைக்கு முந்தி எழுதின கடிதம். வயித்துப்பிள்ளைக்கு இதய வருத்தம், கெதியா அனுப்பு எண்டு எழுதியிருக்கு. பதினாறு நாளா இதை வைச்சுக்கொண்டு என்ன செய்தனீர்?"

நான் பெரியமாமாவைப் பார்த்தேன். அவர் எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தார். அந்தக் கையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அவருக்குக் கடுதாசி விசயம் தெரியாது, பாருங்கோ," என்றார். "மேசன் வேலை செய்யிறவர். பொக்கற்றிலை வைச்சு மறந்துபோனார்."

சீ என்று அவர் கையைத் தட்டிவிட்டேன்.

அப்போது மாப்பிள்ளையின் தாய் சோற்றுச் சட்டியோடு நின்றவர் அதைக் கீழே வைத்தார். "மறக்கேல்லை, ஒளிச்சவை," என்றார் அமைதியாக. "என்ரை தங்கச்சி ஆஸ்பத்திரியிலை அற்றெண்டன். எங்களுக்கு அண்டைக்கே தெரியும். நீங்களா வாய் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

"தெரிஞ்சுகொண்டோ பொன்னுருக்கினியள்?" என்று பெரியமாமா கேட்டார். அவருடைய முகத்தில் வெட்கத்துக்கு முதல் சந்தோசம்தான் வந்தது. நான் கண்டேன்.

"ஏன், ஆருடைய வீட்டிலை வருத்தம் இல்லை? உங்களுக்கும் சொல்ல மனம் வரேல்லை. எங்களுக்கும் கேக்க மனம் வரேல்லை."

அந்த அம்மாவை எல்லோரும் பெரிய மனுசி என்று பிறகு புகழ்ந்தார்கள். நான் புகழமாட்டேன். ஒரு உயிர் கிணற்றுக்குள் தத்தளிக்கும்போது இரண்டு பக்கத்துச் சனமும் கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு, முதலில் குரல் கொடுக்கிறவன் யார் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். விதானையார் கையைக் கழுவித் துடைத்து ஒப்பம் வைத்தார். அரை நிமிடம் எடுத்தது. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் பதினாறு நாள் ஒளித்து வைத்திருந்தோம். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன்.

பின்னேரம் ஆசையம்மாவுக்கு அம்மா எல்லாவற்றையும் சொன்னார். ஆசையம்மா கிணற்றடிக்கு என்னைத் தேடி வந்தார்.

"எனக்காக எண்டு சொல்லித்தானே செய்தனீங்கள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே அத்தான்?"

அந்த வீட்டில் எல்லாம் அவருக்காக நடந்தது, அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சின்னம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கிற நேரம் மனம் உடையக்கூடாது என்று அம்மா சொன்னார். பட்டியல் நிரம்பிவிட்டதாம், அடுத்த கப்பலில் கட்டாயம் இடம் என்று நானே போய்ச் சொன்னேன். அவர் பையைத் திறந்து வேட்டித் துண்டுகளை வெளியே எடுத்து வெயிலில் போட்டு, திரும்ப அடுக்கி வைத்தார்.

கடிதத்தை அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரிக் கந்தோரில் கொடுத்தேன். அடுத்த கப்பல் எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆறாம் நாள் சின்னம்மாவுக்குப் பிரசவ நோ கண்டது. பெண்பிள்ளை. மாதம் நிறையவில்லை, ஆனால் அழுதது, பால் குடித்தது. அந்தப் பெண் டொக்டர் ஒட்சிசன் போத்தலுக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருந்தார். ஏன் கப்பலில் அனுப்பவில்லை என்று என்னிடம் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சித்தப்பா ஐந்தாம் நாள் கடலைத் தாண்டி வந்து சேர்ந்தார். உடுப்பெல்லாம் உப்பு. பிள்ளையைக் கையில் வாங்கி, அதன் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் பிள்ளைக்கு நீலம் அங்கேதான் தொடங்கியது. பிறகு என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்தார். "நீங்கள் இல்லாட்டி இவ்வளவும் நடந்திராது அண்ணை," என்றார். நன்றியாகத்தான் சொன்னார்.

ஒன்பதாம் நாள் பிள்ளை இறந்தது. கொண்டுபோயிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்லமுடியாது என்று டொக்டர் சொன்னார். அது எங்களைத் தேற்றுவதற்காகவோ, உண்மையோ, எனக்குத் தெரியாது. கப்பல் அதற்குப் பிறகு எப்போது வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் பெரியமாமா வந்தார். அவருக்கும் துடக்குத்தான், ஆனாலும் உள்ளே வராமல் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயரைக் கேட்டனான். பல்லு முளைக்காத பிள்ளைதானே, துடக்கு மூண்டு நாளோடை போகுமாம். கலியாண நாளை மாத்தத் தேவையில்லை."

நான் வாயைத் திறக்க முதல் ஆசையம்மா முற்றத்துக்கு வந்தார்.

"அண்ணை, ஐயரைக் கேட்டியள். சரி. நான் என்ரை அக்காவின்ரை பிள்ளைக்கு முப்பத்தொரு நாளும் இருப்பன். அவைக்கு அவசரம் எண்டால் வேறை பெட்டை பாக்கட்டும்."

"விசரே உனக்கு? இவ்வளவு பாடுபட்டு..."

"ஓம். விசர்தான்."

பெரியமாமா என்னைப் பார்த்து, "நீர் சொல்லும்" என்றார். நான் போய்ப் படலையைச் சாத்தினேன். அவருடைய மூக்குக்கு முன்னால் சாத்தினேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய வீரமாக இருந்தது. கோண்டாவில் ஆட்கள் பொறுத்தார்கள். கலியாணம் பிறகு நடந்தது. பெரியமாமாவை இனசனம் முழுக்கக் கரித்துக்கொட்டியது, நானும் சேர்ந்து கொட்டினேன். அவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதப்போகிறேன் என்று இதைத் தொடங்கினேன்.

அடக்கம் முடிந்து சித்தப்பா கிளிநொச்சிக்குத் திரும்ப முதல், ஒரு நாள் காலை சின்னம்மா வேட்டித் துண்டுகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டு நின்றார். பாவிக்காத துண்டுகள்தான், ஆனாலும் தோய்த்திருந்தார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"பிள்ளை, கடிதத்தை நான் குடுக்கேல்லை. பொன்னுருக்கு முடியுமட்டும் என்ரை பொக்கற்றிலைதான் இருந்தது."

அவர் கையில் இருந்த துண்டை உதறிப் போட்டார். அடுத்ததை எடுத்தார். அதையும் போட்டார்.

"அப்ப பெயர் பட்டியலிலை இருக்கெண்டு சொன்னது?"

"பொய் பிள்ளை."

"ஒவ்வொரு நாளும் சொன்னது?"

"ஒவ்வொரு நாளும் பொய்தான்."

இன்னும் ஒரு துண்டை எடுத்து உதறிப் போட்டார். பிறகு சொன்னார்: "நீங்கள் சொன்ன ஒவ்வொரு பின்னேரமும் நான் வயித்தைத் தடவி, கொஞ்சம் பொறு குஞ்சு, கப்பல் வருகுது எண்டு சொன்னனான். அதுவும் பொறுத்தது."

நான் நின்றேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்றவேண்டி வரும்.

"அவருக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"போய் நீங்களே சொல்லுங்கோ. இனி எனக்காக எண்டு ஆரும் ஒண்டும் ஒளிக்கவேண்டாம்."

சித்தப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, வாளியை என் பக்கம் நீட்டினார்.

"வாங்கோ அண்ணை, குளிக்கப்போறியளே? தண்ணி நல்ல குளிர்."

நான் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன்.